கேம் கம்பெனிக்கு நாங்கள் அனுப்பிய மனு

நான் கிளப்பிவிட்ட ஸ்டிரைக்கை முதலில் உடைத்தவன் நான்தான். அதுவும் யாரை எதிர்த்து? கடலுக்கு அந்தப் பக்கம் வீடியோ கேம் மெஷின் செய்கிற கம்பெனியை எதிர்த்து. ஸ்டிரைக் நடப்பதே அவர்களுக்குத் தெரியாது என்பது வேறு விஷயம். இந்த அசட்டுத்தனத்துக்குச் சாட்சியாக, துருப்பிடித்த ஊக்கோடு ஒரு கறுப்புத் துணிப்பட்டை என் மேஜை டிராயரில் இன்னும் கிடக்கிறது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் கும்மிடிப்பூண்டியில் ஒரு பைப் கம்பெனியில் எனக்கு வேலை. நாலு பேருக்கு ஒரு ரூம், ஒரு டிவி, ஒரு கேம் மெஷின். நாலாவது ஆள் எங்கள் யூனியன் செகரட்டரி, திருவாலங்காட்டுக்காரர். கேன்டீனில் முட்டையைப் பாதியாக்கிய நிர்வாகத்திடம், மூன்று நாள் எங்களை அந்தப் பக்கமே போகவிடாமல் நிறுத்தி, முழு முட்டையைத் திரும்ப வாங்கியவர். அதே மனிதர் ஷிப்ட் முடிந்து வந்து ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தால் கூப்பிட்ட குரல் காதில் விழாது. மூன்று சீசனாக நாங்கள் ஆடிய கால்பந்து லீக் முழுவதும் ஒரு மெமரி கார்டில் இருந்தது.

அப்போதுதான் கம்பெனி புது மெஷினை இறக்கியது. பழைய கார்டு அதில் நுழையாது, பழைய டிஸ்க் ஓடாது. எல்லாவற்றையும் புதிதாக வாங்கவேண்டும். வேறு கம்பெனி மெஷினுக்கு மாறிவிடலாமே என்றேன். செகரட்டரிக்கு வந்ததே கோபம்.

"இன்னாய்யா பேசற? நம்ம கம்பெனியாண்ட சண்ட போட்டுக்கினு இருக்கசொல்லோ எவனாவது எதிர் கம்பெனில போய் நிப்பானா?"

அப்படியானால் ஸ்டிரைக் பண்ணலாம் என்று கிண்டலுக்குச் சொன்னேன். அவர் உடனே மனு எழுதப் பேப்பர் எடுத்துவிட்டார். பழைய கார்டு புது மெஷினில் வேலை செய்யவேண்டும் என்பது முதல் கோரிக்கை. நாலு கையெழுத்து, ரிஜிஸ்டர் தபால். பதில் வரும்வரை புது மெஷினை யாரும் தொடக்கூடாது. கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு பழைய மெஷினில்தான் ஆட்டம்.

ஒரு மாதம் தாங்கினேன். பிறகு புது மெஷினை வாங்கி, மணவாள நகரில் அக்கா வீட்டில் ஸ்டெபிலைசர் என்று பொய் சொல்லி ஒளித்து வைத்தேன். போராட்டத்தை உடைத்தவன் எல்லார் முன்னும் தானே எழுந்து சொல்லவேண்டும் என்பது எங்கள் யூனியன் வழக்கம். ரூமில் இரண்டு கட்டிலுக்கு நடுவே எழுந்து நின்று சொன்னேன். செகரட்டரி திட்டவில்லை.

"கிராபிக்ஸ் எப்பிடி?"

சூப்பர் என்றேன். அவர் முகத்தில் ஆசை அப்பட்டமாகத் தெரிந்தது. ஆனாலும் பட்டையைச் சரிசெய்துகொண்டு டிவி பக்கம் திரும்பிவிட்டார். மற்ற இருவரும் சீக்கிரமே என் வழிக்கு வந்தார்கள். அவர் மட்டும் அசையவில்லை. பழைய மெஷின் டிஸ்க் படிக்க மறுத்தபோது தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ஓட்டினார். என்னோடு ஆடமாட்டேன் என்று அவர் வாயால் சொன்னதில்லை. என் ஜாய்ஸ்டிக்கைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

இன்று அதே கம்பெனி கேமை ஒரு விலைக்கும், அதற்குள் ஆடுகிற வீரர்களைத் தனி விலைக்கும் விற்கிறது. வாய் திட்டுகிறது, கை வாங்குகிறது. போன வாரம் டிராயரில் பட்டையைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. ரிட்டயராகி ஊரில் இருக்கும் செகரட்டரிக்குப் போன் போட்டேன். இரண்டு ஜாய்ஸ்டிக் இருக்கிறது, ஒரே ஒரு மேட்ச், வேண்டுமானால் பட்டை குத்திக்கொண்டே ஆடலாம் என்று கெஞ்சினேன்.

அவர் கேட்டது இதுதான்:

"மனுவுக்கு ரிப்ளை வந்துச்சா?"