ரோலர் மாமாவின் இடது கை

என் மாமனாருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு எதிரிதான். மூன்று இலை, வெள்ளைப் பூ, கணுக்கால் உயரம். பெயர் குளோவர், புல்லோடு புல்லாக முளைக்கும் களை. ஊர் விளையாட்டு மைதானத்தில் புல்தரையைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலேயே தலை நரைத்தவர் அவர். புல்லுக்குள் குளோவர் புகுந்தால் என்ன ஆகும் என்று தெரியாத்தனமாக அவரிடம் கேட்டுவிட்டால் உங்கள் மதியம் போச்சு. ஈரத்தில் வழுக்கும், ஆடுகிறவன் முழங்காலில் பச்சைக் கறை ஏறும், பூவுக்குத் தேனீ வரும், தேனீ கோல்கீப்பரைக் கொட்டும், கோல் விழும், பழி யார் தலையில்? இதையெல்லாம் சொல்லி முடிக்கும்போது டீயில் ஆடை படிந்திருக்கும்.

அதனால் விடிந்ததும் மைதானத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிடுவார். வலது கையை ஊன்றிக்கொண்டு, இடது கையால் செடியின் அடியைப் பிடித்து, ஒரு திருகு திருகி, வேரோடு எடுப்பார். வேர் முக்கியம். மேலே பிய்த்துவிட்டு வேரை உள்ளே விட்டுப் போகிறவனை அவர் மனிதனாகவே மதிக்க மாட்டார். "வேரை விட்டவன் வேலையை விட்டவன்" என்று புதிதாகச் சேரும் ஆட்களிடம் சொல்லிச் சொல்லியே பாதிப் பேரை ஓடவிட்டிருக்கிறார்.

ஊரில் அவருக்கு 'ரோலர்' என்று பெயர். மைதானத்து ரோலரை இழுத்ததால் வந்த பெயரா, எதிரே வருகிறவர்களை நசுக்கிவிட்டுப் போகும் குணத்தால் வந்ததா என்று நான் விசாரிக்கவில்லை. பெண் எடுத்த வீட்டில் சில விஷயங்களை விசாரிக்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது. அதிலும் நான் வீட்டோடு மாப்பிள்ளைகூட இல்லை, நாலு வீடு தள்ளி மாப்பிள்ளை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். கூப்பிட்ட குரலுக்கு வேனோடு வந்து நிற்க வேண்டிய தூரத்தில் குடியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற அன்று அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அதைக் கொடுக்க வந்த விளையாட்டுச் சங்கச் செயலாளர் தன் காரைக் கொண்டுவந்து புல்தரை மேல் நிறுத்தினார். மாமா கடிகாரத்தை வாங்கிக்கொண்டு, டயர் தடத்தைப் பார்த்தார். "இனிமே நீங்களா வந்து கூப்பிடாம இந்தக் கேட்டுக்குள்ள நான் கால் வைக்க மாட்டேன்" என்று அத்தனை பேர் முன்னிலையிலும் சொல்லிவிட்டு நடந்தார். யாரும் கூப்பிடவில்லை. கடிகாரம் மட்டும் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் கொஞ்சம் மெதுவாக.

வீட்டுக்குப் பின்னால் அத்தைக்குப் பிறந்த வீட்டுப் பங்காக வந்த நிலம் இருந்தது. வரிசை வரிசையாகப் பேரி மரங்கள். மாமா அங்கே போனார். மரங்களுக்கு நடுவே ஒரு புல் விடாமல் கொத்தி எடுத்து, தரையைக் கழுவித் துடைத்த சமையலறை மாதிரி வைத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மழை வந்ததும் அந்த அழகு முழுக்கச் சேறாகக் கரைந்து, தெருவைத் தாண்டி என் வேன் டயருக்கு அடியில் வந்து சேர்ந்தது.

அந்த நிலத்தின் ஓரத்துக் கொட்டிலில் அத்தையின் பசு இருந்தது. அதற்கு மேனேஜர் என்று பெயர். ஒரு வேலையும் செய்யாமல் அசைபோட்டபடி எல்லோரையும் மேலும் கீழும் பார்ப்பதால் நான் வைத்த பெயர். இந்த வீட்டில் நான் சொல்லி எடுபட்டது இதுவரை அது ஒன்றுதான். அத்தை அதைக் கன்றாக இருக்கும்போதிலிருந்து வளர்க்கிறாள். ஆனால் நிலத்தில் தீவனம் கிடையாது. கோடை வந்தால் அத்தையின் அண்ணன் வீட்டிலிருந்துதான் வைக்கோல் வர வேண்டும். அவரும் எத்தனை வருடம் தருவார்? போன கோடையில் கடைசிக் கட்டை இறக்கிவிட்டு நேரடியாகவே சொல்லிவிட்டார்.

"இந்தா பாரு, வர்ற மழை முடிஞ்சதும் வருவேன். உன் கொட்டில்ல தீவனம் இருந்தா மாடு உன்னோடது. இல்லன்னா என்கிட்ட வந்துடட்டும். பசிச்ச மாட்டை வச்சுக்கிட்டு பாசம் என்ன பாசம்?"

அண்ணன் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் அத்தைக்கு வலித்தது. அன்று முழுவதும் கண்ணைத் துடைத்துக்கொண்டே வேலை பார்த்தாள். மறுநாள் கால்நடை மருத்துவரம்மாவிடம் போய் நின்றாள். மரங்களுக்கு நடுவே குளோவர் விதையுங்கள், மழையில் மண் கரையாமல் பிடித்துக்கொள்ளும், மண்ணுக்கு உரமும் ஆகும், மாட்டுக்குத் தீவனமும் ஆகும் என்று அந்த அம்மா சொல்லி அனுப்பினார்.

விதைப் பையைப் பார்த்த மாமாவின் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது.

"திருடனைக் கூப்பிட்டு வீட்டுச் சாவியைக் குடுக்கச் சொல்றியா?" என்றார்.

"மாட்டுக்குங்க" என்றாள் அத்தை.

"வேற எதையாச்சும் போடு. ஊர்ல என் பேரு என்னாகும்?"

"உங்க பேரு ரோலர். அது அப்படியேதான் இருக்கும்."

விதை கடுகைவிடப் பொடியாக இருந்தது. அத்தை அதை மணலில் கலந்து, இடுப்பில் கூடையை வைத்துக்கொண்டு, கோழிக்குத் தீனி போடுவது போல வீசிக்கொண்டு போனாள். மாமா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு வரிசை பொறுத்தார். இரண்டாவது வரிசையில் ஓரிடத்தில் திட்டாக விழுந்தது, ஓரிடத்தில் விழவே இல்லை. எதிரியாகவே இருந்தாலும் இப்படி ஏற்ற இறக்கமாக விதைப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"குடு இங்க" என்று கூடையைப் பிடுங்கினார். நீளவாக்கில் ஒரு முறை, குறுக்கே ஒரு முறை, கட்டம் போட்ட மாதிரி விதைத்தார். விதை ஆழமாகப் போகக்கூடாது என்று மேலாக ஒரு கிளறு கிளறி, சின்ன ரோலரை உருட்டி அழுத்தினார். பிறகு தன் கையைத் தானே பார்த்துவிட்டு, உள்ளே போய்ச் சோப்பு போட்டுக் கழுவினார்.

அப்படிப்பட்டவர் விதைத்தது முளைக்காமல் இருக்குமா? பாயை விரித்தாற்போல முளைத்தது. மழை பெய்தும் என் டயருக்கு அடியில் சேறு வரவில்லை. அத்தை கொட்டிலுக்குப் போகும்போதெல்லாம் மேனேஜரிடம் நின்று நல்ல செய்தி சொல்லிவிட்டு வந்தாள்.

பிறகுதான் அந்தச் சொட்டை விழுந்தது. முதலில் கிணற்றுப் பக்கம் வட்டமாக ஒரு இடத்தில் குளோவர் இல்லை. அடுத்து வேலியோரம் ஒன்று. பிறகு மரத்தடியில் இரண்டு. வெட்டி எடுத்த மாதிரி வட்டம், நடுவே வெறும் மண். முயல் என்றாள் என் மனைவி. நத்தை என்றார் பக்கத்து வீட்டுத் தபால்காரர். அத்தை என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். வேன் ஓட்டுகிறவன் குளோவர் தின்பானா என்று வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கண்டுபிடித்தவள் அத்தைதான். மாமா தினமும் காலையில் இரும்பு நாற்காலியைத் தூக்கிப்போய் நிழல் பார்த்துப் போட்டு, செய்தித்தாள் படிப்பார். அன்று அத்தை டீயோடு போய்ப் பின்னால் நின்றிருக்கிறாள். மாமாவின் கண் செய்தித்தாளில். வலது கை செய்தித்தாளைப் பிடித்திருக்கிறது. இடது கை மட்டும் கீழே தொங்கி, தன் பாட்டுக்கு ஒரு செடியைப் பிடித்து, ஒரு திருகு திருகி, வேரோடு எடுத்துப் பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்தது. சொட்டை ஒவ்வொன்றும் அவர் கை எட்டுகிற அளவு.

"என்ன பண்றீங்க?"

"பேப்பர் படிக்கிறேன், தெரியலையா?"

"கையில என்ன?"

மாமா தன் இடது கையை யாருடையதோ போலத் தூக்கிப் பார்த்தார். நகத்துக்குள் எல்லாம் பச்சை. "நான் புடுங்கல" என்றார். கையும் களவுமாகப் பிடிபட்டவர் அதைச் சொன்ன விதத்தில் பொய்யே இல்லை, அதுதான் பரிதாபம்.

அத்தை அவர் கைக்கு உறை மாட்டிப் பார்த்தாள். உறையோடு பிடுங்கினார். நாற்காலியை மாடிக்கு மாற்றினாள். அங்கே பூந்தொட்டிகள் காலியாயின. இதற்குள் மழை ஓயத் தொடங்கியது. கணக்குப் பார்த்தால், சொட்டை போக மிச்சமிருந்த குளோவர் மேனேஜருக்கு அரை வயிற்றுக்குத்தான் காணும். சொட்டையில் மறுபடி விதைத்தாலும் அது வளர்ந்து வர நாளாகும். அண்ணன் வரப்போவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்று அத்தை சண்டை போடவில்லை. கொட்டிலில் மாட்டின் கழுத்தில் கை போட்டுக்கொண்டு, "அங்க போய் ஒழுங்கா சாப்பிடு, சரியா?" என்றாள். மாமா வாசலில் நின்று அதைக் கேட்டுவிட்டார். நானும் அங்கேதான் இருந்தேன். அவர் இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் என் கதவைத் தட்டினார்.

"வேனை எடுங்க மாப்ள. சாக்கு இருந்தா போடுங்க."

எங்கே என்று கேட்டேன். வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மைதானத்துத் தெருவில் திரும்பச் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. கேட்டுக்கு வெளியே இறங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே புல்தரையே தெரியவில்லை. அவர் போன பிறகு யாரும் மண்டியிடவில்லை போலிருக்கிறது, இந்தக் கோலில் இருந்து அந்தக் கோல் வரை வெள்ளைப் பூ. அவர் வாழ்நாள் உழைப்பு அத்தனையும் பூத்துக் கிடந்தது.

செயலாளர் கார் வந்தது. மாமாவைப் பார்த்ததும் இறங்கிவிட்டார்.

"என்ன ரோலர், நாங்க கூப்பிடவே இல்லையே?" என்றார், சிரித்துக்கொண்டே.

மாமா கம்பியிலிருந்து கையை எடுத்தார். "கூப்பிடலதான். நானாதான் வந்தேன். இதுக்கு மருந்து கிருந்து அடிச்சீங்களா?"

"இல்ல. இனிமேதான் அடிக்கச் சொல்லணும்."

"அடிக்காதீங்க. நான் எடுத்துடறேன். சம்பளம் வேணாம். எடுத்தது எனக்கு."

செயலாளருக்குக் கசக்குமா? கேட்டைத் திறந்துவிட்டார். மாமா கால் வைத்தார். யார் முன்னால் சபதம் போட்டாரோ அவர் முன்னாலேயே, மாட்டுத் தீவனத்துக்காக. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் கண்ணாடியைத் துடைப்பது போல வேனுக்குள் குனிந்துகொண்டேன்.

அதன் பிறகு தினமும் விடியற்காலையில் சாக்கு சாக்காக வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் குளோவர் வாசத்தோடு படிக்கப் போனார்கள். அத்தை பச்சையை அப்படியே போட்டால் மாட்டுக்கு வயிறு ஊதிவிடும் என்று வெயிலில் வாட்டி, வைக்கோல் கலந்து கொடுத்தாள். மிச்சத்தைக் காயவைத்துக் கட்டிக் கட்டி அடுக்கினாள். அவள் அண்ணன் லாரியோடு வந்தபோது கொட்டிலில் மாடு நிற்க இடம் குறைந்து, தீவனம் கூரை வரை நின்றது. அவர் ஒரு கட்டை முகர்ந்து பார்த்தார். மேனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்தது.

"இவ்வளவும் எங்க விளைஞ்சது மச்சான்?" என்றார்.

"எல்லாம் நம்ம கிரவுண்டுலதான்" என்றார் மாமா. அண்ணன் அதற்கு மேல் கேட்கவில்லை. வெறும் லாரியைத் திருப்பிக்கொண்டு போகும்போது அத்தை அவருக்கு ஒரு கூடைப் பேரிக்காய் கொடுத்தாள். பிறகு மாமாவுக்கு டீ கொண்டுவந்து, அவர் இடது கையை எடுத்து, அதில் வைத்தாள்.

அடுத்த நாளும் மைதானத்துக்குப் போனோம். செயலாளர் கேட்டருகே நின்று, "மறுபடி முளைக்காதுல்ல ரோலர்?" என்று கேட்டார். "நான் எடுத்தா முளைக்குமா?" என்று சொல்லிவிட்டு மாமா வேனில் ஏறினார். வீட்டில் சாக்கை அவிழ்த்துக் கொட்டினேன். இலை இருந்தது, தண்டு இருந்தது, பூ இருந்தது. எல்லாம் தரைக்கு மேலே நாலு விரல் விட்டு அரிவாளால் ஒரே மட்டமாக அறுத்தது.

"மாமா, ஒரு வேரைக்கூடக் காணோமே" என்றேன்.

அவர் செய்தித்தாளைப் பிரித்து முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"மேனேஜருக்கு வேர் ஆகாது மாப்ள."