போர்கில்ட் பிடித்த கயிறு

போர்கில்டுக்கு வயது அறுபத்தொன்று. மலைகளுக்கு நடுவே கடல் நீண்டு புகுந்த ஃபியோர்டின் கரையில் முந்நூறு பேர் வாழும் ஸ்டைன்விக் ஊரில், வரும் கப்பல்கள் கரையில் கட்டிக்கொள்ள வீசும் கயிற்றைப் பிடிப்பவள். பத்தொன்பது வயதில் தபால் படகின் கயிற்றைப் பிடித்தாள். இப்போது ஊரையே ஒரு மூலையில் உட்கார வைக்கக்கூடிய உல்லாசக் கப்பல்கள் வருகின்றன. கணவன் உண்டு, ஆடுகள் உண்டு. ஆனாலும் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால் முதலில் கயிற்றைத்தான் சொல்வாள்.

அன்று மே மாதத்தின் முதல் கப்பல். எல்லோரும் ஊரின் பாரம்பரிய உடுப்பில் வரவேற்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. போர்கில்டும் கம்பளிப் பாவாடையும் மார்பில் குத்திய வெள்ளி ஊசியுமாக நின்றாள். அந்த உடுப்பை எங்கள் ஊரில் பெற்ற பிள்ளையைவிடப் பத்திரமாக வைத்துக்கொள்வோம். மேலே ஒரு தூறல் விழுந்தாலே உயிர் போய்விடும்.

துறை மேலாளன் ஐவின்ட், அவளுடைய சித்தப்பா மகன், மெதுவாக வந்தான்.

“அக்கா, கோவிச்சுக்காதே. இன்னைக்குக் கயிறு தவறிடுச்சுன்னா அடுத்த வாரத்திலிருந்து டவுன் ஆளுங்கதான். மேலிடத்துல உன் வயசைக் கேக்கறாங்க.”

“மூக்கு ஒழுகிட்டுத் திரிஞ்ச பய, எனக்கு வயசு சொல்ல வந்துட்டியா? தள்ளி நில்லுடா!”

கப்பல் வந்தது. கூடவே மதியக் காற்றும் எழுந்தது. மேலிருந்து வீசிய முதல் கயிறு கடலில் விழுந்தது. இரண்டாவது கரைச்சுவரில் மோதிச் சரிந்தது. இன்னும் ஒரே முறைதான், இல்லையென்றால் கப்பலைத் திருப்பிக்கொண்டு போகிறேன் என்று கப்பல் தலைவர் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார். கரையில் ஆயிரம் பேருக்கு வாஃபிள் பலகாரம் சுட மாவு கரைத்து வைத்திருந்தார்கள். போர்கில்டுக்கு மாவைப் பற்றியெல்லாம் கவலையில்லை. தன் கை சும்மா தொங்கும் நாளைத்தான் நினைத்தாள்.

மூன்றாவது கயிறு படகிறக்கும் சரிவுக்கு எட்டடி தள்ளித் தண்ணீரில் விழுந்தது. போர்கில்ட் ஓடினாள். ஓடிய வேகத்தில் கடலுக்குள் இறங்கிவிட்டாள்.

“ஐயோ, பாவாடை! பாவாடை!” என்று அவள் தங்கை ஆஸ்லாக் அலறினாள். ஊரே அலறியது. ஒருவராவது ‘ஐயோ, போர்கில்ட்!’ என்று சொல்ல வேண்டுமே!

பனி உருகி வந்த தண்ணீர் இடுப்பைக் கடித்தது. கயிற்று நுனியின் முடிச்சு கையில் சிக்கியதும், “மாட்டிக்கிச்சு!” என்று சிறுபிள்ளை போலக் கத்தினாள். நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள். மெல்லிய கயிற்றின் பின்னால் தொடை பருமனான வடம் வந்தது. அதை இரும்புத் தூணில் மாட்டியது அவள்தான்.

மேல்தளத்தில் இரண்டாயிரம் பேர் கைதட்டினார்கள். ஒருவர் எட்டிப் பார்த்து, “அடுத்த காட்சி எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்.

ஐவின்டுக்குத் தலைகால் புரியவில்லை. “அக்கா, வருஷம் முழுக்க நீதான்! ஆனா இதே உடுப்புல வா. எப்படிப் படம் எடுக்கறாங்க பாரு!”

போர்கில்ட் பாவாடையை அவன் காலணிமேல் பிழிந்தாள்.

“உடுப்பை நீ கட்டிக்கடா. கயித்தை நான் பிடிக்கறேன்.”