அண்ணன் வாயும் ஆஸ்பத்திரி நிலமும்

எம்.எல்.ஏ. அலுவலகத்தில் டீ போடுகிறவளுக்குக் காது இருப்பதே குற்றம். அதனால் இதை எழுதும்போதும் எதையாவது முன்பின்னாகச் சொல்லி மாட்டிக்கொள்வேனோ என்று பயமாக இருக்கிறது. நான் எட்டாவதோடு நின்றவள். தப்பிருந்தால் எடுத்துச் சொல்லுங்கள். எங்கள் அலுவலகத்துக்கு மட்டும் வந்து சொல்லாதீர்கள். எந்த விஷயம் கசிந்தாலும் எல்லோரும் முதலில் நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கிற இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

ரேஷன் கடை ஊசி

எங்கள் அலுவலகம் ஓசூர்ப் பக்கம். எம்.எல்.ஏ.வை எல்லோரும் அண்ணன் என்பார்கள், அவரைவிட மூத்தவர்கள்கூட. ஊர் ஊராக மருத்துவக் காப்பீட்டு அட்டை கொடுப்பதில் அண்ணனுக்குத் தனி ஆசை. அட்டையை நீட்டியபடியே போட்டோவுக்கு நிற்பார். வாங்க வந்தவர் இழுத்தாலும் விடமாட்டார். கெலவரப்பள்ளி அணை தாண்டி உள்ளே இருக்கும் எங்கள் ஊருக்கும் அட்டை வந்தது. ஆனால் ஊரில் சுகாதார நிலையத்துக்குக் கட்டடம் கிடையாது. நர்ஸம்மா ரேஷன் கடையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே வைத்துத்தான் ஊசி போடுவார். சர்க்கரைக்கு நிற்கிற வரிசை ஆளுக்கொரு வைத்தியம் சொல்லும்.

என் பக்கத்து வீட்டு நாகம்மாவின் மகள் அப்போது முழுகாமல் இருந்தாள். நாகம்மா அட்டையோடு நேரே அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். அண்ணன், "அட்டைதான் இருக்குதில்லம்மா, அப்புறம் என்ன கவலை?" என்றார். அவள் கேட்டாள்: "பெரிய ஆபரேசனுக்கு அட்டை சரிங்கண்ணா. காய்ச்சலு தலைவலிக்கு இதைக் கரைச்சா குடிக்கறது?"

தாத்தா வைத்த தோப்பு

அண்ணனுக்கு உறைத்துவிட்டது. அலைந்து திரிந்து கட்டடத்துக்கு அனுமதி வாங்கினார். இனி ஊரில் ஒரு புறம்போக்கு, அதாவது அரசாங்க நிலம், காட்டினால் போதும். கம்பெனிகள் வந்தபிறகு எங்கள் பக்கம் நிலம் சும்மா கிடப்பதில்லை. முதலில் பார்த்த மந்தைவெளியில் சர்வேயர் வருவதற்குள் லாரி நிறுத்த ஒரு செட் முளைத்துவிட்டது.

இரண்டாவது இடத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு முடிவு செய்தார்கள். ஊர்க்கோடியில் வெறும் பாறையும் சரளையுமாகக் கிடந்த நிலம். அறையில் இருந்தது அண்ணன், அவருடைய பி.ஏ. சேகர், டீ தட்டோடு நான். அளக்கப் போனால், அதே லாரி செட்காரர் அங்கே மாமரம் நட்டு வைத்திருக்கிறார், காயும் தொங்குகிறது. தாத்தா வைத்த தோப்பு என்று தமிழிலும் கன்னடத்திலும் மாறி மாறிச் சத்தியம் செய்தார். சர்வேயர் குனிந்து ஒரு கன்றின் அடியைக் கிளறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உங்க தாத்தா நர்சரிப் பையைக்கூடக் கிழிக்காமயா நட்டாரு?"

மத்தூரில் நான், மைக்கில் அண்ணன்

பையோடு நட்ட மரத்துக்கும் கோர்ட்டில் தடை வாங்கலாமாம், லாரி செட்காரர் வாங்கிவிட்டார். சேகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "விசயம் எப்பிடிக்கா வெளிய போவுது? இன்னொரு தரம் இப்பிடி ஆச்சுன்னா உங்களை வேலைக்கு வெச்சுக்க முடியாது" என்றான். மூன்றாவது இடம் பார்க்கப் போகிறார்கள் என்றதும் லீவு சொன்னேன். செல்போனைச் சேகர் கையிலேயே கொடுத்துவிட்டு, மத்தூரில் தங்கை வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த வாரம் அண்ணன் எங்கள் ஊர்க் கல்யாணம் ஒன்றில் மைக் பிடித்திருக்கிறார். மணமக்களை வாழ்த்திவிட்டு, "உங்க குழந்தைக்கு முதல் ஊசி நம்ம களத்துமேட்டிலதான்" என்று இடத்தையும் சொல்லிவிட்டார். விடிந்தால் களத்துமேட்டில் ஒரு சாமி. குங்குமம்கூடக் காயவில்லை. அளக்கப் போன அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டு, சாமிக்குச் சுற்றுச்சுவர் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்துத் திரும்பினார்.

"நான் இல்லைன்னு இப்பவாவது தெரிஞ்சுதா தம்பி?" என்று சேகரிடம் கேட்டேன். அவன் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னான்: "தெரியுதுக்கா. அதுக்காக அண்ணன்தான்னு சொல்ல முடியுங்களா? யார் மேலயாவது போட்டாவணுமில்ல."

அண்ணன் கலங்கிய கூட்டம்

மிச்சமிருந்தது பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரே ஒரு புறம்போக்கு. அதுவும் போனால் நர்ஸம்மாவுக்கு ரேஷன் கடையே கதி, எனக்கு வீடே கதி. சர்வேயரும் சேகரும் பின்னால் அளந்துகொண்டிருக்க, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் விடுபட்டவர்களுக்கு அட்டை வழங்கும் கூட்டம். முன்வரிசையில் அண்ணனுக்குப் போடச் சால்வையோடு லாரி செட்காரர். அண்ணன் மைக்கை எடுத்தால் நிலத்து விஷயம் செட்காரர் காதுக்குப் போய்விடும்.

ஜனங்கள் எதிரில் யார் எதைத் தின்னக் கொடுத்தாலும் அண்ணன் வேண்டாமென்று சொல்லமாட்டார், ஓட்டு போய்விடும் என்று பயம். மேல்வரிசையில் கட்டுப்பல் வேறு. அவர் எழுந்ததும் நான் குறுக்கே போய், "எங்க ஊர்க் கமர்கட்டுங்கண்ணா, தொண்டைக்கு நல்லது" என்று பெரிதாக இரண்டை நீட்டினேன். சிரித்துக்கொண்டே வாயில் போட்டார். மைக்கில் 'ம்ம்' என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'ம்ம்'. வாயைத் திறந்தால் பல் கமர்கட்டோடு வந்துவிடுமோ என்ற கலக்கத்தில் அவர் கண்ணில் நீர் திரண்டது, கையெடுத்துக் கும்பிட்டார். அண்ணன் நெகிழ்ந்துவிட்டார் என்று கூட்டம் கை தட்டியது. லாரி செட்காரரும் எழுந்து நின்று தட்டினார். அவர் உட்காருவதற்குள் பின்னால் சர்வே கல் நட்டு, கம்பி வேலியும் இழுத்தாகிவிட்டது.

நாகம்மா என் பக்கம் சாய்ந்து சொன்னாள்: "அண்ணன் இத்தனை கூட்டத்துல பேசினதுலயே இதுதான்க்கா நல்லா இருந்துச்சு."

இப்போதெல்லாம் அலுவலகத்துக்கு டீத்தூள் வாங்கும்போது ஒரு பொட்டலம் கமர்கட்டும் சேர்த்தே வாங்கி வைத்துவிடுகிறேன்; அண்ணன் வாய் ஒட்டியிருக்கும் வரைக்கும் என் வேலைக்கு ஆபத்தில்லை.