விலகிப்போன பாடகனின் கல்யாணச் சாப்பாடு

இன்று எங்கள் சிலிபின் வட்டாரத்து மளிகைக் கடையில், கல்லாவில் இருக்கும் பெண் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்குப் பிடித்த மெட்டல் இசைக்குழுவிலிருந்து பாடகன் விலகிவிட்டானாம்.

"எல்லாரும் அவனத் திட்டுறாங்க பாட்டி. எனக்கு மனசு வரல லா."

"திட்டுறதெல்லாம் ஒரு கோவமா?" என்றேன்.

எண்பதுகளில் எங்கள் ரப்பர் தோட்டத்து ராக் குழுவின் பாடகன், திருவிழா நெருங்கும்போது பக்கத்துத் தோட்டத்துக் குழுவுக்குப் போய்விட்டான். அவன் கல்யாணத்துக்கு நாங்கள் மொத்தமாகப் போனோம். ஒரு வாய்கூடச் சாப்பிடாமல், இழவு வீட்டில் மடிப்பதுபோல் இலையை எதிர்ப்பக்கம் மடித்துவிட்டு எழுந்தோம்.

"அப்புறம் அவரு பாட்டையே கேக்கலயா?"

"ஏன் கேக்காம? அவன் பாடுற மேடைக்கு முதுகக் காட்டி நின்னுக்கிட்டு, எல்லாப் பாட்டையும் கூடவே பாடினோம்."

அவள் சிரித்துவிட்டாள்.

அவனோடு இன்றுவரை நான் பேசவில்லை. பாட்டு ஒன்றுகூட மறக்கவில்லை. உங்களுக்கும் இப்படி ஒருவன் இருப்பானே?