கற்பகவல்லிக்கு மட்டும் வராத பின்னல்

தீபாவளிக்கு முந்தின வாரம் சிவகாசிப் பக்கம் எந்தெந்த வாசலில் பட்டாசுப் பெட்டி இறங்குகிறது என்று பார்த்தால் போதும், யார் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று தெரிந்துவிடும். பெண்கள் கல்லூரியில் வணிகவியல் துறைத்தலைவியான கற்பகவல்லியின் வாசலிலும் பெட்டிகள் இறங்கின. வந்த வண்டியிலேயே திரும்பியும் போயின. ஒரு மாணவியின் அப்பா, பெரிய கம்பெனி முதலாளி, தானே தூக்கிக்கொண்டு வந்து நின்றார். அவருக்குக் காப்பி கொடுத்து, பெட்டியையும் கையில் கொடுத்து அனுப்பினார் கற்பகவல்லி.

இப்படியே வருஷங்கள் ஓடியதில், கல்லூரியில் யார் வீட்டு விசேஷ லட்டும் அவர் மேஜைக்கு வராமல் நின்றுபோனது. கொண்டுபோனால் திட்டு விழுமோ என்று எல்லோருக்கும் பயம். கற்பகவல்லி அதைப் பெருமை என்றுதான் சொல்லிக்கொண்டார்.

2006 ஜூனில் அவர் துறைக்குத் தற்காலிக விரிவுரையாளராக வந்து சேர்ந்தாள் இசைவாணி. தாயில்பட்டிக்காரி. அம்மாவும் அப்பாவும் பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து தீப்பெட்டி ஒட்டி வளர்ந்த கை, சும்மா இருக்கத் தெரியாது. பஸ்ஸில் ஏறியதும் குரோஷா ஊசியையும் நூலையும் எடுத்தால் கல்லூரி வாசலில்தான் கீழே வைப்பாள். பின்னியதைச் சேர்த்துவைக்க வீட்டில் இடமில்லை. யாராவது ஆசையாகத் தொட்டுப் பார்த்தால் அவர்களுக்கே கொடுத்துவிடுவாள்.

முதலில் பக்கத்து நாற்காலிக்காரி செல்லக்கனிக்கு ஒரு செல்போன் பை வந்தது. செல்லக்கனி அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கல்லூரி முழுக்க ஒரு சுற்று வந்தாள். அப்புறம் பெருக்குகிற குருவம்மாளின் பேரனுக்குத் தொப்பி. தமிழ்த் துறைக்குக் கதவுத் தோரணம்.

கற்பகவல்லிக்குப் பொறி தட்டியது. சோழியன் குடுமி சும்மா ஆடுமா? ஒவ்வொரு ஏப்ரலிலும் துறைத்தலைவி ‘இவர் வேண்டும்’ என்று கல்லூரிச் செயலாளருக்கு எழுதினால்தான் தற்காலிக ஆட்களுக்கு அடுத்த வருஷம் வேலை. ஊருக்கெல்லாம் கொடுத்துக் கண்ணைக் கட்டிவிட்டு, கடைசியில் கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு வருவாள். வரட்டும். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்பதைக்கூட அவர் யோசித்துவைத்துவிட்டார். கோபமாகச் சொல்லக்கூடாது. ‘நல்லாத்தான்மா இருக்கு, எனக்கு வேண்டாம்’ என்று சிரித்தபடி சொல்ல வேண்டும்.

தீபாவளி போனது, பொங்கல் போனது. வரவில்லை.

வாட்ச்மேனுக்கு வந்தது, கேன்டீனுக்கு வந்தது, வேறு துறைகளில் முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் வந்தது. நடுவில் இசைவாணி நீல நூலில் பெரிதாக என்னவோ பின்னிக்கொண்டிருந்தாள். இது நமக்குத்தான் என்று கற்பகவல்லிக்கு உறுதியாகத் தோன்றியது. திருப்பிக் கொடுக்கப்போகிற பொருளுக்காக மேஜையில் இடம் ஒதுக்கிவைத்த ஆள் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். நீலம் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அதற்கப்புறம் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. ஆள் சேர்க்கிறாளோ? எல்லோரையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு நம்மைத் தனியாக விடப் பார்க்கிறாளோ? அவர் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும். அது எந்தக் காலத்திலும் நின்றதுதான், இப்போதுதான் அவர் காதில் விழுந்தது. சொல்லாமல் கொள்ளாமல் இசைவாணியின் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்த்தார். பாடம் நன்றாகத்தான் இருந்தது. தன்னைப் பற்றி அவள் என்ன சொல்கிறாள் என்று செல்லக்கனியிடம் நைசாகக் கேட்டார். ஒன்றுமே சொன்னதில்லை என்றாள் செல்லக்கனி. ஒன்றுமே சொல்லவில்லையென்றால் அதைவிட மோசமாக ஏதோ இருக்கிறது என்று முடிவுகட்டினார்.

ஏப்ரல் வந்தது. ‘அடுத்த ஆண்டு தேவையில்லை’ என்று எழுதி அனுப்பினார். வகுப்புகள் குறைகின்றன என்று காரணம் காட்டினார். வகுப்பும் குறையவில்லை, ஒன்றும் குறையவில்லை. அம்புட்டும் ஆத்திரம்.

கடைசி வேலைநாளில் இசைவாணி அவர் அறைக்கு வந்தாள். அழுவாள், இல்லை சண்டை போடுவாள் என்று கற்பகவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவளோ பையிலிருந்து ஒரு மேஜை விரிப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். வெள்ளை நூலில், கோலம் போல நெருக்கமாகப் பின்னியிருந்தது. இத்தனை மாதத்தில் அவள் யாருக்கும் இப்படி ஒன்று பின்னிக் கொடுத்ததில்லை.

“இப்ப எதுக்கு இது?” என்றார் கற்பகவல்லி.

“நீங்க கையெழுத்துப் போடுற எடத்துல இருந்தீக மேடம். அப்பக் குடுத்தா பட்டாசுப் பெட்டி கணக்கா ஆயிரும். உங்களுக்கும் அது புடிக்காதுன்னு சொன்னாக. இப்ப உங்ககிட்ட எனக்கு ஆக வேண்டியது ஒண்ணும் இல்ல. அதான் கொண்டாந்தேன்.”

கற்பகவல்லி அவள் முகத்தையே பார்த்தார். குத்தல் இருக்கிறதா, நடிப்பா, இதுவும் ஒரு தந்திரமா என்று தேடினார். அந்த முகத்தில் ஒரு வருஷம் பஸ்ஸில் வந்துபோன களைப்பைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. விரிப்பின் மேல் கையை வைத்தார். யோசித்துவைத்திருந்த வாக்கியம் வாயில் வரவே இல்லை. அவருக்குத் தாங்க முடியாத வெட்கமாக இருந்தது.

“நான் எழுதுனது தப்பும்மா,” என்றார். “அந்த எடத்துக்கு இன்னும் யாரையும் போடல. இப்பவே போயிச் செயலாளர்கிட்டச் சொல்லுதேன். ஜூன்ல நீ வந்துரு.”

இசைவாணியின் கண் கலங்கிவிட்டது. அந்த வேலை அவளுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேஜைக்கு இந்தப் பக்கமாகக் கையை நீட்டினாள்.

“அப்படின்னா அதை இங்கன குடுத்துருங்க மேடம்.”

கற்பகவல்லி உடனே கொடுக்கவில்லை. விரிப்பை முழுசாக விரித்து, ஓரம் வரைக்கும் ஒருமுறை பார்த்தார். பிறகு மடிப்பு மாறாமல் மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, செயலாளரைப் பார்க்க எழுந்து போனார்.