மருமகனுக்கு வந்த வீடு

முதலில் தண்ணீர். வந்தவர் குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைக்கும்வரை வக்கீல் கோபினா எசில்ஃபி வழக்கைப் பற்றி ஒரு சொல் கேட்கமாட்டார். பிறகுதான், "சரி, வந்த சேதி?" அமைச்சரானாலும் மீன்காரியானாலும் இதே முறை. யாராவது அவசரப்பட்டுப் பேச வாயெடுத்தால், "தொண்டை நனையாத பேச்சுல பாதி பொய்யி" என்பார்.

கேப் கோஸ்ட் நீதிமன்றத்தில் அவர் வாதாடும் நாளில் தாழ்வாரம் நிறைந்துவிடும். இடைவேளையில் வெள்ளைப் பொய்முடியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நின்றபடியே, புளித்த சோளமாவில் அவித்த கென்கே உருண்டையும் பொரித்த மீனும் தின்பார். சற்றுமுன் கிழித்துத் தொங்கவிட்ட எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் ஒரு துண்டு நீட்டுவார்.

சொத்து வழக்கில் அவரை அசைக்க ஆளில்லை. ஆண் இறந்தால் வீடு தாய்வழிக் குடும்பத்துக்கு, அக்காள் மகன் பொறுப்பேற்பான், மனைவி வெளியேறுவாள். வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன நீதிமன்றத்தில் இந்த வழக்கத்தை நிலைநிறுத்தியவர் அவர். தோற்ற விதவைகளிடம் படிக்கட்டில் நின்று, "கோவிச்சுக்காதீங்கம்மா. வாதாடினது நான், தீர்ப்பு சொன்னது வழக்கம்" என்பார்.

போன மாதம் அவருடைய தாய்மாமன் இறந்தார். மாமன் மனைவி அராபா, மீனைப் புகைபோட்டு விற்று அவரைச் சட்டம் படிக்கவைத்தவள். பிள்ளையில்லை, பிறந்த வீட்டிலும் யாரும் மிஞ்சவில்லை. காரியத்தன்று கறுப்புத் துணியில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

குடும்பத் தலைவர் அன்னோபில் மதுக் கிண்ணத்தை நீட்டினார். "குடி தம்பி. குடிச்சா வீடு உன் பொறுப்பு."

"அந்தம்மா எப்பக் கிளம்புது?" என்றாள் ஒரு பங்காளிப் பெண்.

"சட்டி பானையெல்லாம் கட்டி வச்சிட்டேன். உனக்கு அந்தச் சிரமமும் வேண்டாம்" என்றாள் அராபா, எசில்ஃபியைப் பார்த்து.

எசில்ஃபி ஒரே மடக்கில் குடித்தார். அராபா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பொறுப்பு எனக்கு வந்தாச்சா? அப்ப கேட்டுக்குங்க. அத்தை உசுரோட இருக்கறவரைக்கும் இங்கதான் இருப்பாங்க."

"அதைச் சொல்ல நீ யாரு?" அன்னோபில் சிரித்தார். "குடும்பம் ஒத்துக்காம வாரிசு ஒரு அறையைக்கூட யாருக்கும் விடமுடியாது. அந்தத் தீர்ப்பை வாங்கினது எந்த வக்கீல்? மறந்துபோச்சா?"

"நாந்தான்."

"கோர்ட்ல எந்தப் பொம்பளைக்காவது இப்படிப் பேசியிருக்கியா?"

"இல்ல."

அராபா காத்திருந்தாள். அந்த வாய் எத்தனை சபைகளைக் கவிழ்த்தது என்று அவளுக்குத் தெரியும். எசில்ஃபி எழுந்தார். இடத்தோளில் கிடந்த துணியை இடுப்புக்கு இறக்கிக் கட்டினார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். அரசன் முன்னால் பிழை பொறுக்கக் கேட்க வந்தவன் நிற்பதுபோல், அன்னோபிலுக்கு எதிரே சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு போய் நின்றார்.