‘எனக்கு ஏலா’ என்று சொன்ன தலைவர்

நஸீர் போய்விட்டான்.

காலையில் சுபஹுக்குப் பிறகு அவனுடைய மகன் எனக்குப் போன் எடுத்தான். "சாச்சா, வாப்பா மௌத்தாகிட்டாங்க..."

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். முடிந்ததும் பசறையிலிருந்து பஸ்ஸில் பதுளைக்கு வந்து சேர்ந்தேன். சேர்ட்டைக்கூட மாற்றவில்லை. கால் வலிக்கிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

பசறை, நமுனுகுல பக்கத் தோட்டங்களில் படித்த பலருக்கு அவன் கணக்குப் படிப்பித்த சேர். எனக்குக் கம்பஸ் ரூம்மேட்.

கம்பஸில் முஸ்லிம் மாணவர் சங்கத்தின் தலைவராக இருந்தவர் என்று இன்று பலரும் பெருமையாகப் போஸ்ட் போட்டிருக்கிறீர்கள். உண்மைதான். ஆனால் அவன் எப்படித் தலைவரானான் என்பதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பதவியைக் கேட்டு வாங்கக் கூடாது. பெயரைச் சொன்னால் "எனக்கு வேண்டாம்" என்று மறுக்க வேண்டும். மறுப்பவனே தகுதியானவன்.

விளங்காதவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். எங்கள் கல்யாண வீடுகளில் "போதும்" என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். தட்டைக் கையால் மூடினால் விரல் இடுக்கு வழியாகக் கறியை ஊற்றுவார்கள். மெய்யாகவே வயிறு நிறைந்தவன் பாடு திண்டாட்டம்தான்.

தெரிவு நடக்கிற அன்று மத்தியானம் நஸீர் என்னிடம் சொன்னான். "மச்சான், என்ட பேர் வந்தா நீ எழும்பிச் சொல்லு. எனக்கு மெய்யா ஏலா. ஸ்பெஷலுக்கு செலக்‌ஷன் எக்ஸாம் ஈக்குது. நான் சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்."

அவனுக்குக் கணிதத்தில் ஸ்பெஷல் டிகிரி செய்து லெக்சரராக வேண்டும்; ஜெனரல் டிகிரிக்கு அந்த வழி இல்லை. இரண்டு வருஷமாக அவன் வாயில் வேறு பேச்சு இல்லை.

"சரிடா" என்றேன்.

பின்னேரம் போர்டில் இரண்டே பெயர்கள். முதலாவது நஸீர். இரண்டாவது நான்.

நஸீர் எழுந்து "எனக்கு ஏலா" என்றான். "மாஷா அல்லாஹ்!" என்றார்கள். "மெய்யாவே ஏலா" என்றான். "இவர்தான் சரியான ஆள்!" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். ஹோலே சிரித்தது.

பழைய தலைவருக்கு மட்டும் ஒரு சந்தேகம். என்னைப் பார்த்துக் கேட்டார். "ஸலீம், நீதானே ரூம்மேட். இவர் சும்மா சொல்றாரா, மெய்யா சொல்றாரா?"

நஸீர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எனக்கும் அதே மாதம் செலக்‌ஷன் எக்ஸாம். எனக்குப் புவியியல்.

"அவன் எப்பவும் இப்படித்தான் நாநா. குடுத்தா செய்வான்" என்றேன்.

ரூமுக்கு வந்ததும் அவன் கோபப்படவில்லை. "நான் சொன்னத மறந்துட்டியா மச்சான்?" என்று மட்டும் கேட்டான்.

"ஓம்டா... மறந்துட்டன்" என்றேன். மறக்கவில்லை. ஒரு சொல்கூட மறக்கவில்லை.

ஏற்றுக்கொண்டதை அவன் அரைகுறையாகச் செய்பவன் அல்ல. ஜும்ஆ நேரத்தில் லெக்சர் வைத்த ஒவ்வொரு டிபார்ட்மெண்டுக்கும் கடிதத்தோடு நடந்தான். புதுப் பிள்ளைகளுக்கு போர்டிங் தேடி அலைந்தான். நோன்பு வந்ததும் கஞ்சி காய்ச்ச ஓர் இடம் கேட்டுப் படியேறி இறங்கினான்.

எக்ஸாம் அந்த நோன்பிலேயே வந்தது. அவனுடைய கட்டிலில் கணக்குப் புத்தகம் நாள்கணக்காக ஒரே பக்கத்தில் திறந்து கிடந்தது. எதிர்க் கட்டிலில் நான் படித்துக்கொண்டிருந்தேன்.

லிஸ்ட் போட்டார்கள். என் பெயர் இருந்தது.

"ஜெனரலும் டிகிரிதானே மச்சான்" என்று சொல்லிவிட்டு அவன் கஞ்சி வேலையைப் பார்க்கப் போனான்.

எனக்குப் பதுளை டவுன் ஸ்கூலில் உயர்தர வகுப்பு கிடைத்தது. அவனுக்கு நமுனுகுல பக்கம் ஒரு தோட்டப் பாடசாலை. கடைசி வரைக்கும் அங்கேயே இருந்தான்.

ஒருமுறை பசறை பஸ் ஸ்டாண்டில் கண்டேன். கை நிறையக் கொப்பிகள். "என்னடா ப்ரொபெசர்!" என்று வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டேன்.

வாய்விட்டுச் சிரித்தான். "ஓம் மச்சான்... ப்ரொபெசர் இப்ப தோட்டத்து லயத்துப் பிள்ளைகளுக்குப் பின்னம் படிப்பிக்கிறார். வா, டீ குடிப்போம்."

அந்த டீக்கடையில் சொல்லியிருக்கலாம். அவன் என்னுடைய நீரிழிவைப் பற்றிக் கேட்டான். நான் பென்ஷனைப் பற்றிப் பேசினேன். பஸ் வந்துவிட்டது.

இன்று பள்ளிவாசலுக்கு வெளியே தோட்டத்து ஆட்கள் நிறையப் பேர். மழையில் நனைந்துகொண்டு நின்ற ஓர் அம்மா சொன்னார். "எங்க சார் லீவே போட மாட்டாருங்க. எங்க வூட்ல நாங்க மூணு பேரும் சார்கிட்டதாங்க கணக்குப் படிச்சோம்."

ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால், வழக்கம்போல, மகன் எழுந்து சபையைப் பார்த்துக் கேட்டான். "வாப்பா யாருக்காவது மனசு நோக ஏதும் செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிடுங்க."

"மன்னிச்சிட்டோம்" என்றது சபை.

நானும் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். அவன் எனக்கு என்ன செய்தான், நான் மன்னிக்க? என்னை மன்னிக்க வேண்டியவன் வெள்ளைத் துணிக்குள் இருந்தான்.

அடக்கம் முடிந்ததும் மகன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "என்னத் தலைவராக்கினது ஸலீம்தான்னு வாப்பா எப்பவும் சொல்லுவாங்க சாச்சா."

அவனிடமும் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். இந்தப் பதிவை அவன் படிப்பான்.

ஸலாம், நஸீர். இனி நீ ஓய்வெடு.